உளுத்த டிரெய்லர் தரை: ஒட்டுப் போடுவதா, முழுதாக மாற்றுவதா, எதைக் கொண்டு மாற்றுவது?

திருவொற்றியூரில் எங்கள் வீட்டை ஒட்டிய காலி மனையில் நிற்கும் கேம்பர் டிரெய்லருக்குள் (காரின் பின்னால் இழுத்துச் செல்லும், படுத்துறங்கும் வண்டி) கால் வைத்தால், சமையல் மேடைக்கு முன்னால் தரை ஒரு விரற்கடை கீழே இறங்கி மீண்டும் எழும்புகிறது. விரிப்பைக் கிழித்தெடுத்துவிட்டு அந்த இடத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து லேசாக அழுத்தினேன். டீயில் ஊறிய பொறைக்குள் போவது போல் முனை உள்ளே போனது. வெளியே இழுத்தபோது கறுத்த நார் ஒட்டிக்கொண்டு வந்தது, கூடவே மழைக்காலத்தில் பூட்டிவைத்த பீரோவின் வாசனையும் வந்தது.

டிரெய்லர் பெரியதன்று. 12 அடி நீளம், 6 அடி அகலம், ஒற்றை அச்சு. பழவேற்காட்டுக்கும் ஏலகிரிக்கும் போய்வரலாம் என்று நானும் என் மச்சானும் பாதிப் பாதி போட்டு வாங்கி, அவருடைய பொலிரோவில் இழுத்துக்கொண்டு போகிறோம். இதைக் கட்டிய பட்டறை, இரண்டடிக்கு ஒன்றாக வைத்த இரும்புக் குறுக்குச் சட்டங்களின் மேல் 12 மி.மீ. பிளைவுட்டை அடித்து, அடியில் சட்டங்களுக்கு நடுவே தெர்மோகோலைச் செருகி, மேலே வினைல் விரிப்பை ஒட்டிக் கொடுத்திருந்தது. பழுதைப் பார்த்த தச்சர் ஒட்டுப் போடலாம் என்றார், மாதவரம் ஜி.என்.டி. சாலைப் பக்கம் லாரி பாடி கட்டும் ஒருவர் அலுமினியத் தகடு என்றார். காசிமேட்டில் ஃபைபர் படகு வேலை பார்க்கும் மேஸ்திரி, மரத்தையே போட்டு ஃபைபர் பூசச் சொன்னார். மச்சான், தேன்கூட்டுப் பலகை என்ற ஒன்றைச் செல்பேசியில் காட்டினார். நால்வர் சொன்னதையும் எடை, செலவு, உப்புக்காற்று ஆகியவற்றை வைத்து ஒப்பிட்டுப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். நகரில் பெருகிவரும் உணவு டிரெய்லர்களின் தரையும் பெரும்பாலும் இதே அமைப்பில் இருப்பதால், அவற்றை வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

எதைப் போடுவது என்று பேசுவதற்கு முன்னால், தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் போடப்போகும் புதுத் தரையும் அதே தண்ணீரைத்தான் குடிக்கும். எங்கள் வீட்டில் எல்லோரும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின் மேல் பழியைப் போட்டார்கள். அப்போது மனையில் பாதிச் சக்கரம் வரை தண்ணீர் நின்றது உண்மைதான். ஆனால் வெள்ளத்தால் உளுத்திருந்தால் தரை முழுவதும், குறிப்பாகத் தாழ்வாக இருந்த பின்பக்கம், கெட்டிருக்க வேண்டும். அந்தப் பின்பக்கம் கல்லாட்டம் இருக்கிறது. கெட்டுப்போனது சமையல் மேடையின் மூலையும் சன்னலுக்கு நேர் கீழே உள்ள விளிம்பும் மட்டுமே. ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சுவரோரம் முழுவதும் உள்பக்கமாகக் கோலமாவைத் தூவிவிட்டு, மச்சானை வெளியே ரப்பர் குழாயுடன் நிறுத்தி, கீழிருந்து மேலாக ஒவ்வொரு பகுதிக்கும் பத்து நிமிடம் தண்ணீர் அடிக்கச் சொன்னேன். மேலிருந்து தொடங்கினால் வழியும் நீர் எல்லாவற்றையும் நனைத்து எது ஓட்டை என்று தெரியாமல் செய்துவிடும் என்பதால்தான் கீழிருந்து மேலே போக வேண்டும். சன்னல் ரப்பரின் கீழ்மூலையில் தண்ணீர் பட்ட நான்காவது நிமிடத்தில், வெள்ளை மாவின் நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு கோடு மெதுவாக ஊர்ந்து வந்தது. சமையல் மேடையின் அடியில் இருந்த இன்னொரு ஈரம் மழைக்கே சம்பந்தமில்லாதது. ஏசியின் கழிவுநீர்க் குழாய் இணைப்பில் கழன்று, இரவெல்லாம் சொட்டியதை ஒட்டிய விரிப்புக்கு அடியில் அனுப்பிக்கொண்டிருந்தது.

மரத்தை உளுக்க வைப்பது தண்ணீர் நேரடியாக அன்று; ஈரத்தில் வளரும் பூஞ்சை. மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை அந்தப் பூஞ்சையால் வளர முடியாது. இரண்டு நாள் நனைந்து பிறகு காற்றாடக் காய்ந்த மரம் பிழைத்துக்கொள்வதும், தினம் ஒரு டம்ளர் நீரை விரிப்புக்கு அடியில் குடித்த மரம் பொடிந்துபோவதும் இதனால்தான். வெள்ளத்துக்குப் பிறகு கதவு சன்னல்களைத் திறந்துபோட்டோம். ஏசி குழாயை யாரும் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்தது பழுதின் எல்லை. சுத்தியலின் பின்கட்டையால் நான்கு அங்குலத்துக்கு ஒரு தட்டு என்று தரை முழுவதும் தட்டி, மந்தமாக ஒலித்த இடங்களைச் சாக்பீசால் வளைத்தேன். மொத்தம் 72 சதுர அடியில் ஏறக்குறைய 14 சதுர அடி போயிருந்தது. அளவைவிட முக்கியமானது இடம்: உளுத்த பகுதி இரண்டு குறுக்குச் சட்டங்களைத் தாண்டிச் சுவர் விளிம்பு வரை போயிருந்தது.

தச்சர் சொன்ன ஒட்டு வேலையை இந்த எல்லையை வைத்துத்தான் எடைபோட வேண்டும். அதை இழிவாகப் பேசுபவர்களுடன் எனக்கு உடன்பாடில்லை. கெட்டது இரண்டு சதுர அடிக்குள் இருந்து, விளிம்பைத் தொடாமல், நான்கு பக்கமும் நல்ல மரம் இருந்தால், கண்ணுக்குத் தெரியும் பழுதிலிருந்து ஓரடி தள்ளி நல்ல மரம் வரை வெட்டியெடுத்து, அடியில் தாங்கு கட்டை கொடுத்து, அதே கனத்தில் புதுத் துண்டை எபாக்ஸி பசையுடன் பதித்தால் போதும். ஒரே நாள் வேலை, செலவும் சொற்பம். ஆனால் தச்சர் நினைத்தது அதுவன்று. உளுத்ததைச் சுரண்டிவிட்டு மரத்தூளையும் ஃபெவிகாலையும் பிசைந்து அடைத்து மேலே மைக்கா ஒட்டிவிடலாம் என்பது அவருடைய திட்டம். நடந்தால் நொறுங்கும் தரைக்கு அது மேக்கப் மட்டுமே. உளுத்த மரத்தில் ஊற்றினால் இறுகிவிடும் என்று விற்கப்படும் எபாக்ஸி திரவங்களும் காய்ந்த மரத்தில் மட்டுமே ஊடுருவும். ஊடுருவிய இடம் கெட்டியாகுமே தவிர, ஒரு சட்டத்திலிருந்து இன்னொரு சட்டத்துக்கு ஆளின் எடையைத் தாங்கிச் செல்லும் பிளைவுட்டின் அடுக்குகள் திரும்பி வருவதில்லை. சன்னல் சட்டத்தின் ஓரத்துக்கோ அலமாரியின் கால் பதியும் இடத்துக்கோ அவை உதவலாம். எங்கள் 14 சதுர அடிக்கு உதவா. சுற்றி ஓரடி தள்ளி வெட்டினால் தரையில் பாதி போய்விடும்; அதன் பிறகு மீதிப் பாதியை மட்டும் பழையதாக வைத்துக்கொள்வதில் பொருளில்லை.

முழுதாக எடுத்துவிடலாமா என்பது டிரெய்லர் கட்டப்பட்ட விதத்தைப் பொறுத்தது. அமெரிக்க, ஐரோப்பிய டிரெய்லர்கள் பலவற்றில் சுவர் தரைப் பலகையின் விளிம்பின் மேலேயே நிற்கும். அங்கே தரையை எடுப்பதென்றால் சுவருக்கு முட்டுக்கொடுத்துத் தூக்க வேண்டும், அல்லது சுவரோரம் ஒரு பட்டையை விட்டுவிட்டு வெட்ட வேண்டும். இணையத்தில் காணும் காணொளிகளில் அவர்கள் அவ்வளவு பாடுபடுவதற்குக் காரணம் அதுதான். நம் ஊர்ப் பட்டறைகள் கட்டியவற்றில் சதுரக் குழாய்த் தூண்களைச் சேஸிஸோடு வெல்டிங் செய்து, பிளைவுட்டைத் தூண்களுக்கு நடுவில் இறக்கியிருப்பார்கள். எங்களுடையதும் அப்படித்தான். அலமாரிகளையும் கட்டிலையும் கழற்றினால் தரை தனியாக வந்துவிடும்.

அலுமினியத்துக்கு வருகிறேன். பூ வேலைப்பாடுள்ள 3 மி.மீ. செக்கர் தகடு, உளுக்காது, கரையான் தொடாது, கழுவித் துடைக்கலாம். “லாரிக்கே இதுதான் போடுறோம், உங்க வண்டிக்கு என்ன சார்” என்றார் மாதவரத்துக்காரர். எடையும் குறையும் என்று சேர்த்துக்கொண்டார். அந்த எடைக் கணக்கை அன்றிரவு காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். இந்த ஒப்பீட்டில் நான் எதிர்பாராத இடம் அதுதான். 72 சதுர அடி என்பது 6.7 சதுர மீட்டர். 3 மி.மீ. அலுமினியம், மேற்பரப்பின் பூ வேலையையும் சேர்த்து, ஏறக்குறைய 58 கிலோ. 12 மி.மீ. பிளைவுட் 56 கிலோ. அதாவது இரண்டும் ஒன்றுதான். இரண்டுமே இரண்டடி இடைவெளியில் ஆள் நடந்தால் வளையும். தகடாக இருந்தால் அத்துடன் டமார் என்று ஒலியும் எழுப்பும். வளையாமல் இருக்க ஒவ்வோர் இடைவெளியின் நடுவிலும் ஒன்றாக ஆறு ஆங்கிள்களை (எல் வடிவ இரும்புச் சட்டங்களை) கூடுதலாக வெல்டிங் செய்ய வேண்டும். 35 × 35 × 5 அளவுள்ள ஆங்கிள் மீட்டருக்கு 2.6 கிலோ, ஆறடி நீளத்தில் ஆறு என்றால் 28 கிலோவுக்குக் குறையாது. ஆகமொத்தம் அலுமினியம் 86, 12 மி.மீ. பிளைவுட் 84. ஒரு ஆங்கிளும் சேர்க்காமல் 18 மி.மீ. பிளைவுட்டை நேரடியாகப் போட்டால், அதுவும் 84 கிலோ. எடை என்ற வாதம் அத்துடன் முடிந்தது. லாரிக்காரர்கள் போடும் இரும்புத் தகட்டையே போட்டால் 3 மி.மீ. கனத்திலேயே 157 கிலோவைத் தாண்டிவிடும், ஆர்.சி. புத்தகத்தில் வெற்று எடை இன்னதென்று எழுதியிருக்கும் ஒற்றை அச்சு வண்டியில் அதை எண்ணிப் பார்க்கவே கூடாது.

எடையை விடுங்கள், வட சென்னையில் அலுமினியத்துக்கு வேறொரு வினை காத்திருக்கிறது. எண்ணூர் விரைவுச் சாலையில் ஒரு மழைக்காலம் மட்டும் நின்ற சைக்கிளைப் பார்த்தவர்களுக்கு உப்புக்காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அலுமினியமும் இரும்பும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பு கலந்த ஈரம் சேர்ந்தால், அது சிறு பேட்டரி போல் வேலைசெய்து அலுமினியத்தை அரித்து வெள்ளைப் பொடியாக்கும். அந்த ஈரம் மழையால்தான் வர வேண்டும் என்பதில்லை. குளிர் நாடுகளில் வண்டிக்கு உள்ளே சூடு, வெளியே குளிர். ஆகவே நீர்த்துளி உள்பக்கம் பூக்கிறது. நமக்கு நேர் எதிர். இரவில் ஏசியை 22 டிகிரியில் வைத்தால், தரைத் தகடு குளிர்ந்து, வெளியிலுள்ள புழுக்கக் காற்றின் ஈரம் தகட்டின் அடிப்புறத்தில், இரும்புச் சட்டத்தில் உட்காரும் இடத்திலேயே வியர்த்து நிற்கும். சட்டத்துக்கும் தகட்டுக்கும் நடுவே ரப்பர் பட்டை கொடுத்து, ஒவ்வொரு ரிவெட்டுக்கும் அரிப்பைத் தடுக்கும் ஜிங்க் குரோமேட் பூச்சைத் தடவிப் பொருத்தினால் தவிர்க்கலாம்தான். அவ்வளவு பொறுமையாக வேலைசெய்யும் லாரிப் பட்டறையை நான் இன்னும் பார்க்கவில்லை. அலமாரிகள் இல்லாமல், தினம் குழாய் வைத்துக் கழுவவேண்டிய உணவு டிரெய்லருக்கு, ஏசியும் இல்லை என்றால், அலுமினியத்தையே நானும் சொல்வேன். படுத்துறங்கும் வண்டிக்குச் சொல்ல மாட்டேன்.

மச்சான் காட்டிய தேன்கூட்டுப் பலகை உண்மையிலேயே நல்ல பொருள். பாலிபுரோப்பிலீன் தேன்கூட்டின் இரு முகத்திலும் ஃபைபர் தோல் ஒட்டியது, 20 மி.மீ. கனத்தில் எங்கள் தரை முழுவதும் 50 கிலோவுக்குள் முடியும், கூடுதல் ஆங்கிளும் வேண்டாம். எடையை உண்மையாகவே குறைப்பது இது ஒன்றுதான். உளுப்பதற்கு இதில் எதுவும் இல்லை. ஆனால் ஸ்க்ரூ பிடிக்காது. கட்டில் கால், அலமாரி, கேஸ் சிலிண்டரின் பிடி என்று ஸ்க்ரூ போகும் ஒவ்வோர் இடத்திலும் தேன்கூட்டைத் தோண்டி மரத்துண்டோ ரெசினோ (ஊற்றினால் இறுகும் பிசின்) முன்கூட்டியே பதித்திருக்க வேண்டும். இன்னும் இரண்டு ஆண்டில் கட்டிலை இடம் மாற்றினால் மீண்டும் தோண்ட வேண்டும். நான் கேட்ட விலைகளை விகிதமாகச் சொன்னால், ஒட்டு ஒரு பங்கு, பிளைவுட் மூன்று, அலுமினியம் நான்கு, இது ஆறு. புதிதாக டிரெய்லர் கட்டுபவர் முதலிலேயே திட்டமிட்டு இதைப் போடலாம். பழைய வண்டிக்குள் பொருத்துவது எங்கள் கைக்கு மீறியது என்று மச்சானே பிறகு ஒப்புக்கொண்டார்.

மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த டபிள்யூ.பி.சி. பலகையைக் கடைக்காரர்கள் எல்லோரும் சிபாரிசு செய்கிறார்கள். குளியலறைக் கதவுக்கு அது சரி. பிளைவுட்டின் விறைப்பு அதில் இல்லை, மே மாத வெயிலில் மூடிய டிரெய்லருக்குள் இளகித் தொய்ந்துவிடும். சிமென்ட் ஃபைபர் பலகை கனமும் அதிகம், சாலை அதிர்வில் ஸ்க்ரூ துளையிலிருந்து விரிசலும் விடும்.

எஞ்சுவது பிளைவுட்தான். வந்தது போலவே மீண்டும் உளுக்காதா என்று கேட்டால், எந்தப் பிளைவுட் என்பதில் பாதி விடை இருக்கிறது. பழைய தரையின் அடியில் இருந்த முத்திரையைத் துடைத்துப் பார்த்தபோது எம்.ஆர். என்று இருந்தது, வீட்டுக்குள் அலமாரி செய்ய ஏற்பட்ட சாதா ரகம், ஐ.எஸ். 303 தரத்தில் வருவது, யூரியா பசையால் ஒட்டப்படுவது. வண்டித் தரைக்கு வேண்டியது ஐ.எஸ். 710, அதாவது மரைன் பிளை. ஃபீனால் பசையால் ஒட்டி, பூஞ்சை தாக்காத மருந்தில் ஊறவைத்து, 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தாலும் அடுக்கு பிரியக் கூடாது என்பது அதற்கான சோதனை. பிளைவுட் கடைகள் நிறைந்த வால்டாக்ஸ் சாலையில் மரைன் என்று எழுதியதெல்லாம் மரைன் ஆகிவிடாது, ஐ.எஸ்.ஐ. முத்திரையும் 710 என்ற எண்ணும் பலகையிலேயே இருக்க வேண்டும். சந்தேகத்துக்கு, இரண்டங்குலத் துண்டொன்றை வாங்கிவந்து பழைய இட்லிப் பானையில் நான்கு மணி நேரம் கொதிக்கவிட்டேன். கூடவே போட்ட எம்.ஆர். துண்டு சீட்டுக்கட்டாகப் பிரிந்தது. மரைன் துண்டோ நிறம் மட்டும் மாறியது. பானையை வீட்டில் திரும்ப ஏற்கவில்லை என்பது தனிக் கதை.

அளவும் தோதாக அமைகிறது. 8 × 4 அடிப் பலகை மூன்றை அகலவாக்கில் போட்டு ஆறடியில் வெட்டினால் 12 அடி நீளம் நிறைகிறது. இணைப்புகள் நான்காவது, எட்டாவது அடிகளில், அதாவது சரியாகக் குறுக்குச் சட்டத்தின் மேல் விழுகின்றன. மிஞ்சும் மூன்று துண்டுகள் கட்டிலின் மூடிக்கு ஆகும்.

விடையின் மறுபாதி பூச்சில் இருக்கிறது. இங்கேதான் காசிமேட்டு மேஸ்திரியின் அனுபவம் உதவியது. “கட்டை காய்ஞ்சிருந்தாத்தான் ரெசின் பிடிக்கும்ணா. ஈரத்து மேல போட்டா மேலுக்குப் பளபளன்னு இருக்கும், உள்ள அழுவும்” என்றார் அவர். அவர் கை பழகியது பாலியெஸ்டர் ரெசினும் ‘மேட்’டும் (வெட்டிய கண்ணாடியிழைகளைப் பசையால் சேர்த்த விரிப்பு). படகுக்கு அது போதும். பிளைவுட்டைப் பிடித்துக்கொள்வதில் எபாக்ஸிதான் உறுதி, விலை இரண்டு மடங்குக்கும் மேல் என்றாலும். எபாக்ஸி என்று முடிவெடுத்தால் மேட்டையும் மாற்ற வேண்டும், ஏனென்றால் மேட்டின் இழைகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பசை பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீனில் மட்டுமே கரையும். எபாக்ஸிக்கு நெய்த கண்ணாடியிழைத் துணிதான் ஏற்றது. தெர்மோகோலும் அப்படித்தான். பாலியெஸ்டர் ரெசின் பட்டால் அது சர்க்கரையாகக் கரைந்துவிடும் என்பதை மேஸ்திரி ஒரு துண்டில் ஒரு சொட்டு விட்டுக் காட்டினார். பாலியெஸ்டரையே தேர்ந்தெடுப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: ரெசினை இறுகவைக்கச் சேர்க்கும் கோபால்ட்டையும் ஹார்டனரையும் ஒருபோதும் நேரடியாகக் கலக்கக் கூடாது, வெடிக்கும், ஒன்றை ரெசினில் நன்றாகக் கலந்த பிறகுதான் மற்றதைச் சேர்க்க வேண்டும்.

மேஸ்திரியுடன் நான் வேறுபட்டது ஓர் இடத்தில்தான். படகைப் போல இரு முகத்தையும் ஃபைபரால் மூடிவிட வேண்டும் என்றார் அவர். ஸ்க்ரூத் துளை ஒன்றின் வழியாக உள்ளே போகும் நீர் வெளியேற வழியில்லாமல் ஆகிவிடும் என்பது என் அச்சம். ஆகவே சாலைத் தண்ணீர் தெறிக்கும் அடிமுகத்துக்கும் நான்கு விளிம்புகளுக்கும் எபாக்ஸியும் துணியும், மேல்முகத்துக்கு வெறும் பெயின்ட் என்று பேசி முடித்தோம். விரிப்பை இனி ஒட்டப்போவதில்லை. பாயைப் போலச் சுருட்டி எடுக்கலாம், ஈரம் இருந்தால் அன்றே கண்ணில் படும். ஸ்க்ரூ போகும் துளைகளை முதலில் பெரிதாகத் துளைத்து, எபாக்ஸியால் நிரப்பி, இறுகிய பின் அதன் நடுவில் சிறு துளையிட வேண்டும். அப்படிச் செய்தால் ஸ்க்ரூ மரத்தைத் தொடவே தொடாது. அடியில் தார் பூசும் வழக்கத்தைக் கைவிட்டோம், விரிசல் விட்டபின் அது தண்ணீரைப் பிடித்துவைக்கும் பையாகிவிடுகிறது. இரும்புச் சட்டங்களைத் தேய்த்து, துருவை எடுத்து, எபாக்ஸி பிரைமர் அடித்து, பிளைவுட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே ரப்பர் பட்டை கொடுக்கிறோம்.

மீதமிருப்பது நாள் குறிப்பதுதான். மரம் காயவும் ரெசின் இறுகவும் மழையில்லாத மாதம் வேண்டும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்; விசைப்படகுகள் எல்லாம் கரையேறிப் பழுது பார்க்கப்படும் அந்த நாட்களில் காசிமேட்டில் ஒரு ஃபைபர் ஆளும் கிடைக்கமாட்டார். பொங்கல் கழிந்து சன்னல் ரப்பரையும் ஏசி குழாயையும் முதலில் மாற்றிவிட்டு, மாசியில் பழைய தரையைப் பெயர்த்துச் சட்டங்களை இரண்டு வாரம் வெயிலில் விட்டு, பங்குனி முடிவதற்குள் வேலையை முடித்துத் தருவதாக மேஸ்திரி முன்பணம் வாங்கியிருக்கிறார்.